புதுப்பிப்பு: பாம்பன் விசைப்படகின் கரும்புகை

எங்கள் படகின் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் சுமை ஏறினால் கரும்புகை கக்குகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சிறு பிஸ்டன் விமானங்களில் இருப்பதுபோல ஒவ்வொரு சிலிண்டரின் புகைவழியிலும் தனி வெப்பமானி வையுங்கள் என்று இங்கே ஒருவர் சொன்னார். வைத்தோம். நான்காவது சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக ஓடியது. மெக்கானிக் அண்ணன் அதற்கு டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றினார், அதன் முனையான நாசில் ஒழுகிக்கொண்டிருந்தது. மாற்றியதும் புகை அடங்கிவிட்டது. யோசனை தந்தவருக்கு மனமார்ந்த நன்றி!

இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விமானத்துப் பெட்ரோல் என்ஜின் பெரும்பாலும் எரிபொருள் மிகுந்த கலவையில் ஓடுகிறது. அங்கே நாசில் அடைத்து எரிபொருள் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் புகை முதலில் சூடேறும். டீசலில் நேர்மாறு: எரிபொருள் கூடினால் சூடு கூடும், குறைந்தால் குறையும். விமானிகளின் விளக்கத்தை அப்படியே படகுக்குப் பொருத்தினால் நல்ல சிலிண்டரைத்தான் பிரிப்பீர்கள். தனி எண்ணைவிட, அதே வேகத்தில், அதே சுமையில் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம்.

ஆயில் மாதிரியும் சோதனைக்குப் போயிருக்கிறது. அதில் சோடியம் கூடியிருந்தால் கடல்நீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் மீதி ஐந்து இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சோதிக்கப் போகிறோம்.