ஆச்சியின் கேசட்டுகள்: ‘பாளை வீடு’ குழுவில் ஒரு மாலைப்பொழுது

கோமதி, மாலை 6:04
அனைவருக்கும் வணக்கம். அத்தை பாடிய கேசட்டுகளைப் பதிந்து வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நேற்றிரவு முதல் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. கதிர், உன் சித்தப்பா கடைக்குப் போயிருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

கதிர், மாலை 6:06
சித்தி, உடனே அதன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இன்னும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம் என்று தயவுசெய்து முயல வேண்டாம், ஏனென்றால் அப்படிச் சத்தம் போடும் டிஸ்க்கை எத்தனை முறை ஓடவிடுகிறோமோ அத்தனைக்கும் சேதம் கூடும். கணினிக்குள் வேறு நகல் இருக்கிறதா?

சுப்பையா, மாலை 6:15
கணினிக்குள் ஒரு நகல் இருக்கிறது. 61 கேசட்டுகளில் 47 மட்டுமே முடிந்திருக்கின்றன. மீதி 14 கேசட்டுகளில் பூஞ்சை பிடித்திருப்பதால் நான் இன்னும் தொடவில்லை.

செண்பகம், மாலை 6:17
அப்படியென்றால் அம்மாவின் குரல் இன்றைக்கு ஒரே ஒரு கணினியில்தான் இருக்கிறது. அம்மா இருக்கும்போதே நான் ஒரு நகல் கேட்டேன், அண்ணா.

சுப்பையா, மாலை 6:18
பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

செண்பகம், மாலை 6:18
வீட்டுப் பத்திரத்துக்கும் இதையேதான் சொன்னீர்கள்.

சண்முகம், மாலை 6:20
அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், செண்பகம். அம்மாவின் தலைத்திவசம் 14ஆம் தேதி வருகிறது. அதற்குள் இந்தப் பதிவுகள் எல்லார் வீட்டுக்கும் வந்து சேர வேண்டும். கதிர், வழி என்ன?

இசக்கி, மாலை 6:21
இந்தக் குழுவிலேயே அனுப்பிவிடலாமே.

மீனா, மாலை 6:22
மாமா, அவை எல்லாம் சுருக்காத வேவ் ஒலிக்கோப்புகள், அளவில் பெரியவை. எல்லார் கைபேசியும் நிரம்பிவிடும். கூகுள் டிரைவிலும் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான்.

கதிர், மாலை 6:31
மீனா சொல்வது சரி. ஒரு மணி நேரக் கேசட் ஒன்றுக்கு 635 எம்பி வீதம் 47 கேசட்டுகளும் சேர்ந்து ஏறத்தாழ 30 ஜிபி வருகின்றன. பாளையில் உள்ள சித்தப்பா வீட்டு இணையம் நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில்தான் மேலேற்றும். ஒரு வீட்டுக்கு அனுப்ப 7 மணி நேரம் ஆகும் என்று வைத்தால், சென்னை, கோவை, பெங்களூரு, சிங்கப்பூர் ஆகிய நான்குக்கும் தனித்தனியாக அனுப்ப ஒரு நாளுக்கு மேல் போய்விடும். ஆகவே நடுவில் எந்த நிறுவனத்தின் சேமிப்பிடமும் இல்லாமல் கணினிகள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் சிங்க்திங் என்ற நிரலைப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். சுவீடனைச் சேர்ந்த யாக்கோப் போர்க் 2013இல் தொடங்கியது அது. மூலநிரல் முழுவதும் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை.

சண்முகம், மாலை 6:34
இது டோரண்ட் மாதிரி இருக்கிறதே. அரசுப் பணியில் முப்பது ஆண்டு இருந்தவன் நான். திருட்டுப் படம் இறக்குகிற சமாச்சாரம் எதுவும் நம் வீட்டுக்குள் வரக்கூடாது.

கதிர், மாலை 6:46
அப்பா, உறவு இருப்பது உண்மைதான். 2001இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டோரண்ட், ஒரு பெரிய கோப்பைத் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டைப் பெற்றவர் அதை அடுத்தவருக்குக் கொடுக்கும்படி செய்தது. திருட்டுப் படத்துக்கு அதைப் பயன்படுத்தியவர்கள் ஏராளம் என்பதால் முறையே குற்றம் என்று ஆகிவிடாது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புகளை அவற்றை உருவாக்குபவர்களே டோரண்டாகத் தருகிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகமும் 2012 முதல் தன் சேகரிப்பை அப்படிக் கொடுக்கிறது. சித்தப்பா வீட்டுக் கணினியில் இருப்பது நம் ஆச்சியின் தாலாட்டு. அதை நாமே பகிர்வதில் யாருடைய உரிமையும் கெடவில்லை.

ஆனாலும் நம் தேவைக்கு டோரண்ட் பொருந்தாது. ஒரு டோரண்டை உருவாக்கிவிட்டால் அதில் இன்னொரு கோப்பைச் சேர்க்க முடியாது. மீதி 14 கேசட்டுகள் முடியும்போதெல்லாம் புதிதாக ஒன்று உருவாக்க வேண்டியிருக்கும். அதன் முகவரி வெளியே கசிந்தால் முன்பின் தெரியாதவரும் இறக்கிக்கொள்ளலாம். சிங்க்திங்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஏழேழு எழுத்துகளாக எட்டுத் தொகுதி கொண்ட அடையாளம் ஒன்று உண்டு. நான் சித்தப்பாவின் கணினியைச் சேர்த்து, சித்தப்பாவும் என்னுடையதை ஏற்றுக்கொண்டால் மட்டுமே இரண்டும் பேசும். வழியில் செல்வது பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டே செல்லும். நேரடி இணைப்பு கிடைக்காமல் இடைக்கணினி வழியாகப் போனாலும் அந்த இடைக்கணினியால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.

சண்முகம், மாலை 6:49
முழுதாகப் புரியவில்லை, ஆனால் நீ சொன்னால் சரி.

கோமதி, மாலை 6:50
இங்கே அடிக்கடி மின்சாரம் போகிறது. பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

கதிர், மாலை 6:54
வேண்டாம், சித்தி. ஒரு கேசட் கோப்பை அது ஏறத்தாழ 1,200 துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை போல ஒரு எண் இருப்பதால் வந்த துண்டு சரியானதா என்று சோதித்தே ஏற்கும். மின்சாரம் திரும்பியதும் வராத துண்டுகளை மட்டும் கேட்கும். நம் நான்கு வீட்டுக் கணினிகளையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவிட்டால், என்னிடம் வந்த துண்டை மீனா என்னிடமிருந்தே வாங்கிக்கொள்வாள். பாளையிலிருந்து நான்கு முறை ஏற்ற வேண்டியதில்லை. அனுப்புகிற கணினியும் பெறுகிற கணினியும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். என் கணினியை நான் இரவும் பகலும் அணைக்க மாட்டேன்.

இசக்கி, மாலை 6:56
என்னிடம் இருப்பது ஐபோன். அதில் வருமா? திவசத்துக்குச் சமையல் யார் என்பதையும் சொல்லுங்கள். போன ஆண்டு வந்த தவசிப்பிள்ளையின் புளிக்குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

கோமதி, மாலை 6:57
அவரையேதான் சொல்லியிருக்கிறோம், அண்ணன். நாற்பது இலை என்று கணக்கு.

சண்முகம், மாலை 6:58
நாற்பது போதாது. தென்காசிக்காரர்களை எண்ணினீர்களா?

கதிர், மாலை 7:01
மாமா, ஐபோனுக்கு அதிகாரப்பூர்வச் செயலி இல்லை. ஆண்ட்ராய்டுக்கு இருந்ததையும் 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். வேறு சிலர் அதைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். கைபேசியே வேண்டாம், அத்தையின் மடிக்கணினியில் போடுங்கள்.

செண்பகம், மாலை 7:05
எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே ஒருவர் ஒரு கோப்பை அழித்துவிட்டால் இங்கேயும் அழியுமா?

கதிர், மாலை 7:16
அத்தை, கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆம், அழியும். ஓரிடத்தில் செய்கிற மாற்றம் எல்லா இடத்துக்கும் செல்வதுதான் அதன் வேலை, ஆகவே அதைக் காப்பு நகல் என்று நம்பிவிடக் கூடாது. இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகளைச் செய்யப்போகிறேன். பாளைக் கணினியை ‘அனுப்புவது மட்டும்’ என்றும், மற்றவற்றைப் ‘பெறுவது மட்டும்’ என்றும் வைத்தால், மீனாவின் மகன் விளையாட்டாக எதையாவது அழித்தாலும் அது அந்த வீட்டோடு நின்றுவிடும்; அங்கேயும் திரும்ப வரவழைக்கலாம். பாளையில் அழிந்தால்தான் எல்லா இடத்திலும் அழியும். அதற்காக நம் ஒவ்வொரு கணினியிலும் பழைய பதிப்புகளைக் குப்பைத்தொட்டியில் வைத்திருக்கும் வசதியை, எத்தனை நாள் ஆனாலும் காலி செய்யாதே என்ற கட்டளையோடு இயக்கிவிடுவேன். இவை போக, என் பங்குக்குத் தனி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து அலமாரியில் வைப்பேன்.

சுப்பையா, மாலை 7:24
நான் அழித்துவிடுவேன் என்று யாராவது நினைக்கிறீர்களா?

மீனா, மாலை 7:25
யாரும் அப்படி நினைக்கவில்லை, சித்தப்பா.

சுப்பையா, மாலை 7:31
மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 23ஆம் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் அம்மாவின் பாட்டு முடிந்த பிறகும் டேப் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்பாவும் நானும் கிணற்றடி மனையைப் பற்றிப் போட்ட சண்டை முழுவதும் அதில் இருக்கிறது. நான் பேசியது என் பிள்ளைகள் காதில் விழக்கூடாது. இத்தனை நாள் நகல் கொடுக்காததற்கு அதுதான் காரணம்.

சண்முகம், மாலை 7:40
தம்பி, அன்றைக்கு நானும் அந்தத் திண்ணையில்தான் இருந்தேன்.

செண்பகம், மாலை 7:44
அண்ணா, இதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

கதிர், மாலை 7:49
சித்தப்பா, அந்தக் கோப்பை அழிக்க வேண்டாம். பகிரும் கோப்புறைக்கு வெளியே நகர்த்தி வைத்துவிட்டுத் தொடங்குவோம். கோப்புறைக்குள் இல்லாத எதையும் சிங்க்திங் அனுப்பாது. முதல் பக்கத்தை மட்டும் வெட்டித் தனிக் கோப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இசக்கி, மாலை 7:51
மாமியார் அந்தச் சண்டைக்கு நடுவில் என்ன சொன்னார்கள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது, மச்சான்.

சுப்பையா, மாலை 7:53
“ரெண்டு பேரும் சாப்பிட வாங்க” என்று மூன்று முறை கூப்பிடுகிறாள்.

சண்முகம், மாலை 7:58
அந்தப் பக்கத்தை என்ன செய்வது என்பதைத் திவசத்தன்று நேரில் பேசிக்கொள்வோம். அதுவரை அது சுப்பையாவிடமே இருக்கட்டும்.

செண்பகம், மாலை 7:59
எனக்கு அதுவும் வேண்டும். ஆனால் இன்றைக்குக் கேட்கவில்லை.

கதிர், இரவு 8:42
கோமதி சித்தி கணினித் திரையில் தெரிந்த கியூஆர் கோடைப் படமெடுத்து அனுப்பினார்கள். பாளையும் பெங்களூரும் இணைந்துவிட்டன. கோவையும் இணைந்துவிட்டது. அப்பா, உங்கள் கணினியின் கடவுச்சொல் என்ன என்பதைக் குழுவில் போடாமல் எனக்குத் தனியே சொல்லுங்கள்.

சண்முகம், இரவு 8:47
அதை எழுதிய டைரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

செண்பகம், இரவு 9:26
இங்கே சிங்கப்பூரில் மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. முதல் கோப்பு இப்போதுதான் முழுதாக வந்தது. பாட்டுக்கு முன்னால் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஓடுதா?” என்று அப்பாவிடம் கேட்கிறாள்.

கோமதி, இரவு 9:31
மதினி, மீதி 14 கேசட்டுகளும் தட்டட்டியில் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. பூஞ்சையை எப்படித் துடைப்பது என்று தெரிந்தவர் யாராவது இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள்.