கேனுலா ஃப்ளெபைட்டிஸ் ப்ராஜெக்ட்: ஸ்கோர் போடுவதில் சிக்கல், வழி சொல்லுங்கள்

சிஸ்டர்ஸ், பிரதர்ஸ், வணக்கம். பி.எஸ்சி நர்சிங் இறுதியாண்டு மாணவர் குழு நாங்கள். மெடிக்கல் வார்டில் கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போட்ட இடம் வீங்கிச் சிவப்பதை, அதாவது ஃப்ளெபைட்டிஸை (சிரை அழற்சி), குறைப்பதுதான் ப்ராஜெக்ட்.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் விஐபி ஸ்கோர் (Visual Infusion Phlebitis, அந்த இடத்தைப் பார்த்து அழற்சிக்குப் போடும் மதிப்பெண்), 0 முதல் 5 வரை. வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு தெரிந்தால் ஸ்கோர் 2, உடனே கேனுலாவை எடுத்துவிட வேண்டும். போடும்போது 2% குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலில் 30 விநாடி தேய்த்து, தானாகக் காயவிடுகிறோம். அவசரத்தில் ஊதிக் காயவைப்பவர்களை முதலில் நிறுத்த வேண்டியிருக்கிறது! மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் ஃப்ளஷ் (உப்புநீர் செலுத்தி கேனுலாவை அலசுவது), டிரஸ்ஸிங் மேல் தேதி, நேரம்.

சிக்கல் இங்கேதான். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரிவதில்லை. ஒரே கையைப் பார்த்து ஒருவர் 1 என்கிறார், இன்னொருவர் 2. தொட்டு சூடு, இறுக்கம் பார்ப்பதையும் படிவத்தில் சேர்த்தால் ஸ்கோரின் நம்பகத்தன்மை கெடுமா? கப்பா (இருவர் போடும் ஸ்கோர் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண்) கணக்கிட்டவர்கள் இருக்கிறீர்களா? சிலருக்கு வெள்ளைத் துணி பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டிவிடுவதால் ஊசி நுழைந்த இடமே கண்ணில் படுவதில்லை. ஒளி ஊடுருவும் டிரஸ்ஸிங் ஸ்டாக் இல்லாத வார்டில் என்ன செய்கிறீர்கள்?

ஃப்ளெபைட்டிஸ் விகிதத்தை நோயாளி எண்ணிக்கையால் வகுப்பதா, 1000 கேனுலா நாட்களுக்கு (கேனுலாக்கள் உள்ளே இருந்த நாட்களின் கூட்டல்) என்று போடுவதா? ஒருவருக்கே மூன்று கேனுலா மாறுவதால் இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. ஆனால் எடுத்த நேரத்தை நைட் ஷிஃப்டில் யாரும் எழுதுவதில்லை. அதற்குத் தோதான படிவம் இருந்தால் இங்கே போடுங்கள், நோயாளி பெயர், ஐபி (உள்நோயாளி) எண் மறைத்து.