வேன் ஓட்டுநர் கையேடு: 'குரூஸ் கண்ட்ரோல்' என்பதற்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

த. (ஈசூன்) எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சிங்கப்பூரில் விநியோக வேன் ஓட்டும் தமிழ்நாட்டுத் தம்பிகளுக்காக ஒரு பாதுகாப்புக் கையேட்டைத் தமிழில் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போகவேண்டும். விளக்குகள், குரூஸ் கண்ட்ரோல் (மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதி), பின்னால் சாமான் ஏற்றுவது என்று மூன்று பகுதி. கணினி மொழிபெயர்த்த வரைவைக் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வரைவில் குரூஸ் கண்ட்ரோல் 'பயணக் கட்டுப்பாடு' ஆகியிருக்கிறது. கொவிட் காலத்தில் நாள்தோறும் செய்தியில் கேட்ட சொல். 'ஈரச் சாலையில் பயணக் கட்டுப்பாட்டைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி. இதைப் படிக்கிறவருக்கு ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தான் நினைவுக்கே வராது. 'வேகக் கட்டுப்பாடு' என்று மாற்றிப் பார்த்தேன், அது வேக வரம்பு என்று ஆகிவிடுகிறது.

ஹை பீம் (முன்விளக்கின் தூர வெளிச்சம்), ஹசார்ட் விளக்கு (இருபக்க சிக்னலும் சேர்ந்து மின்னுவது), பூட் (டிக்கி), சாமானைக் கட்டும் வளையம் இவற்றுக்கும் சொல் தேவை. முதலில் குரூஸ் கண்ட்ரோலை முடித்துக் கொடுங்கள்.

---

செ. (பிடோக்) எழுதியது:

த. அவர்களுக்கு, நல்ல பணி. நம்மிடம் சொல் இல்லையா என்ன? புறநானூற்று 27-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையோர் 'வலவன் ஏவா வானவூர்தி' எய்துவார்கள் என்கிறார். வலவன் தேரைச் செலுத்துபவன். ஏவா என்றால் செலுத்தாத, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். மிதிக்காமலே ஓடும் வண்டிக்கு 'ஏவாச் செலவு' என்று வைத்தால் ஒரே சொல்லில் முடிந்தது.

செலவு என்றதும் பணம் நினைவுக்கு வருவது பிற்காலப் பழக்கம். செல் என்ற அடியிலிருந்து வந்த இச்சொல்லுக்குச் சங்க இலக்கியத்தில் பயணம் என்றே பொருள். பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்கல்' என்று துறையாகவே வைத்திருக்கிறோம். ஏவா கடினம் என்றால் 'சீர்செலவு' எனலாம். அசை, சீர், தளை படித்தவர்களுக்குச் சீர் என்றாலே ஒழுங்கான நடை.

---

கு. (துவாஸ்) எழுதியது:

செ. ஐயாவுக்கு வணக்கம். பாட்டு அருமை. ஆனால் 'வலவன் ஏவா' என்ற எண்ணமே ஓட்டுநர் தலைக்குள் போகக்கூடாது. யார்டில் வண்டி ஒப்படைக்கும் வேலை என்னுடையது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கருவி வேகத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். சாலையைப் பார்க்காது. புது வேன்களில் ரேடாரும் கேமராவும் வைத்து முன்வண்டிக்கு இடைவெளி விடும் வகை வருகிறது. அதுகூட வழியில் அசையாமல் நிற்கும் வண்டியைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று வண்டிப் புத்தகத்திலேயே எச்சரிக்கிறார்கள். காலையில் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் வரும்போது எதிரே இருப்பது நிற்கும் வண்டி வரிசைதான்.

மழையும் அப்படித்தான். டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் புகுந்து சக்கரம் பிடியை விடும் நேரத்தில், கருவி வேகம் குறைந்ததாக எடுத்துக்கொண்டு இன்னும் எரிபொருளைக் கொடுக்கலாம். நாம் காலை எடுக்க வேண்டிய நேரத்தில் அது மிதிக்கும்.

'சீர்செலவு' என்றால் எங்கள் தம்பிகள் தங்கச்சி கல்யாணத்துக்குச் செய்யும் சீரைத்தான் நினைப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு அந்தச் சொல் மனசில் வேறு இடத்தில் இருக்கிறது ஐயா.

'வேகக் கட்டுப்பாடு' ஏன் ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 12,000 கிலோவுக்கு மேல் மொத்த எடையுள்ள லாரிகளில் 60-ஐத் தாண்டவிடாத கருவி ஏற்கெனவே இருக்கிறது. 3,501 கிலோவிலிருந்து 12,000 வரை உள்ள லாரிகளுக்கும் அது வருகிறது. யார்டில் அதைத்தான் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்கிறோம். அது வேகத்தை ஏறவிடாது, குரூஸ் இறங்கவிடாது. எதிரெதிர் வேலை செய்யும் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் லாரியிலிருந்து வேனுக்கு மாறுகிற ஆளுக்கு ஆபத்து.

பேச்சில் 'குரூஸ் போடு', 'குரூஸை எடு' என்கிறார்கள். அதையே எழுதிவிடலாமே?

---

இ. (தோ பாயோ) எழுதியது:

> அதையே எழுதிவிடலாமே?

கு. தம்பி, எழுதலாம். ஆனால் குரூஸ் என்றால் இந்த ஊரில் பாதிப் பேருக்கு மரினா பேயிலிருந்து கிளம்பும் கப்பல்தான். புதிதாக வந்தவருக்கு அந்த ஒலி எந்த விளக்கமும் தராது. பெயரே கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இயற்பியல் வகுப்பில் மாறாத வேகத்தைச் 'சீரான வேகம்' என்றுதான் சொல்லிக்கொடுத்தோம். கருவி வந்த கதையும் இதற்குத் துணை. இதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே பார்வையை இழந்த அமெரிக்கப் பொறியாளர். வண்டியில் உட்கார்ந்து போகும்போது வேகம் ஏறி இறங்கிக் குலுக்குவதை உடம்பாலேயே உணர்ந்தவர். 1950-ல் காப்புரிமை பெற்றார், 1958-ல் கிரைஸ்லர் வண்டிகளில் வந்தது. அவர் தேடியது சீர். ஆகவே 'சீர்வேகம்', கருவிக்குச் 'சீர்வேகக் கருவி'.

இடைவெளி விடும் வகையை ஆங்கிலத்தில் 'அடாப்டிவ்' என்பதால் கணினி 'தகவமைப்பு' என்று கொடுத்திருக்கும். அது உயிரியல் பாடத்துச் சொல், இங்கே வேண்டாம். 'இடைவெளி காக்கும் சீர்வேகம்' என்று நீட்டியே எழுதுங்கள். 90 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் போகிறது. இரண்டு நொடி இடைவெளி என்றால் 50 மீட்டர். கையேட்டில் இந்தக் கணக்கைப் போட்டால் சொல்லும் பொருளும் சேர்ந்தே மனத்தில் நிற்கும்.

---

செ. எழுதியது:

குரூஸ் என்ற சொல்லைத் தேடிப் போனேன். டச்சுக்காரர்கள் கடலில் குறுக்கும் நெடுக்குமாகக் கப்பல் ஓட்டியதிலிருந்து வந்தது. அதற்கும் அடி லத்தீனில் சிலுவையைக் குறிக்கும் சொல். போர்த்துக்கீசியர் வழியாக நம் கத்தோலிக்கத் தமிழுக்கு வந்த 'குருசு' அதே அடிதான். அதாவது அந்தச் சொல்லில் வேகமும் இல்லை, சீரும் இல்லை. குறுக்கே போவது மட்டும்தான் இருக்கிறது. அதை மூலமாகப் பிடித்துக்கொண்டு 'பயணம்' என்று பெயர்த்த கணினி இரண்டு மடங்கு வழிதவறியிருக்கிறது.

இ. ஐயா சொன்ன டீட்டர் தம் கருவிக்கு இட்ட பெயர்களில் 'ஸ்பீடோஸ்டாட்' ஒன்று. பின்பாதி கிரேக்கம், நிற்றல் என்ற பொருளடி. வெப்பத்தை ஒரே நிலையில் வைக்கும் தெர்மோஸ்டாட்டில் இருப்பதும் அதுவே. நில் என்ற அடியிலிருந்து நமக்கு நிலை இருக்கிறது. ஆகவே 'வேக நிலைநிறுத்தி' என்பதே முறை. செலவை விட்டுக்கொடுக்கிறேன், நிலையை விடமாட்டேன்.

---

ம. (ஜோகூர் பாரு, மலேசியா) எழுதியது:

தொல்காப்பியரே 'எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நம் எழுத்துக்குள் வந்துவிட்டால் அது நம் சொல். 'குரூஸ் கண்ட்ரோல்' எந்த விதியையும் மீறவில்லை. பஸ், லாரி, டயர் எல்லாம் இருக்கிற கையேட்டில் இது ஒன்றுக்கு மட்டும் ஏன் தீட்டு?

---

செ. எழுதியது:

ம. தம்பி, அந்த நூற்பா வடசொல்லைப் பற்றியது, எழுத்தைப் பற்றியது. எதை எடுக்கலாம், எதை ஆக்கலாம் என்ற முடிவை அது நம்மிடமே விட்டிருக்கிறது. டயர் பொருளோடு வந்தது, பொருளைத் தொட்டுப் பார்த்துச் சொல்லைக் கற்கிறோம். இது ஒரு செயல், தொட முடியாது. செயலுக்குப் பெயர் புரியாவிட்டால் செயலே புரியாது.

---

த. எழுதியது:

செ. ஐயா, 'வேக நிலைநிறுத்தி'யைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பத்தி குறுகலாக இருப்பதால் சொல் உடைந்து, 'நிறுத்தி' அடுத்த வரியின் தொடக்கத்தில் நிற்கிறது. அவசரமாகப் படிக்கிறவர் இதை வேகத்தை நிறுத்தும் கருவி என்று எடுத்துக்கொண்டால் பிரேக் என்றே நினைப்பார். கு. அண்ணன் சொன்ன ஆபத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்து ஆபத்து. இது எனக்குப் பெரிய தடையாகப் படுகிறது.

இதற்கிடையில் விளக்குகளுக்கு வருவோமா? நாள் ஓடுகிறது.

---

கு. எழுதியது:

விளக்கில் ஒரே ஒரு சொல்லைச் சரியாக வைத்தால் போதும், மற்றவை தானாக வரும். அது பகலில் தானாக எரியும் முன்விளக்கு. பல வண்டிகளில் அது எரியும்போது பின்பக்கம் இருட்டு. டாஷ்போர்டு எப்போதும் வெளிச்சமாக இருப்பதால் ஓட்டுநர் எல்லா விளக்கும் எரிகிறது என்று எண்ணிக் கிளம்பிவிடுகிறார். இங்கே இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை விளக்குப் போடுவது சட்டம். 'ஆட்டோ'வில் விட்டிருந்தாலும் பகல் மழையில் சென்சார் ஏமாறலாம், கையால் திருகிப் போடச் சொல்லுங்கள். 'பகல் விளக்கு' என்றே எழுதுங்கள். பகலுக்கு மட்டும் என்பது பெயரிலேயே இருக்கட்டும்.

ஹசார்டுக்கு 'டபுள் சிக்னல்' என்பதுதான் நம் பேச்சு. 'அபாய விளக்கு' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் டபுள் சிக்னலைச் சேர்த்துக்கொள்ளலாம். கொட்டும் மழையில் அதைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். அப்போது தடம் மாறுவதைப் பின்னால் வருபவருக்குக் காட்ட வழியில்லாமல் போகிறது. பழுதாகி நிற்கும்போதுதான் அதற்கு வேலை.

---

இ. எழுதியது:

ஹை பீமுக்கு 'நெடுவீச்சு', லோ பீமுக்குத் 'தாழ்வீச்சு'. உயர் ஒளி என்றால் வெளிச்சம் அதிகம் என்று மட்டும் படுகிறது. வீச்சு என்றால் எவ்வளவு தூரம், யார் கண்ணில் என்பதும் வந்துவிடுகிறது. தெருவிளக்கு நன்றாக எரியும் நம் சாலைகளில் நெடுவீச்சுக்குத் தேவையே அரிது என்பதையும் சேருங்கள்.

---

ம. எழுதியது:

வீச்சு நல்ல சொல். குரூஸில் என் நிலை மாறவில்லை. 'பூட்' என்பதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்? தமிழ்நாட்டில் டிக்கி, சிங்கப்பூரில் பூட், எங்கள் பக்கம் பலர் அதையே போனட் என்பார்கள். 'போனட்டைத் திற' என்றால் இங்கே பின்பக்கம், அங்கே முன்பக்கம்.

---

கு. எழுதியது:

வேனில் பூட் கிடையாது, 'பின்னறை' என்று வைத்துவிடலாம். 'சரக்கறை' மட்டும் வேண்டாம். தம்பிகளுக்குச் சரக்கு என்றால் மது. பாதுகாப்பு வகுப்பு அங்கேயே சிரிப்பில் முடிந்துவிடும். 'சாமான்' எல்லோருக்கும் புரியும்.

பெயரைவிட இங்கே வினைச்சொற்களில் கவனம் தேவை. கனமானதை அடியில், இருக்கைக்குப் பின்னால் ஒட்டி வை. வளையத்தில் வார்போட்டு இறுக்கு. இழுத்து மூடும் திரை மேல் எதையும் வைக்காதே, அது பார்வையை மறைக்க மட்டும்தான், பாரம் தாங்காது. நீளமான குழாய் ஏற்றிப் பின்கதவைத் திறந்தபடி ஓட்டாதே, புகையோடு கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். கணினி வரைவில் 'பொருத்தவும்', 'உறுதிப்படுத்தவும்' என்று மட்டும் இருக்கிறது. எதை எதோடு என்று ஒன்றும் இல்லை.

---

இ. எழுதியது:

ஒரு கணக்கு. 50-ல் போகும் வண்டியில் கட்டாமல் கிடக்கும் பெட்டியைவிட 90-ல் போகும் வண்டியில் அதே பெட்டிக்கு மூன்று மடங்குக்கு மேல் ஆற்றல். வேகத்தின் இருமடி என்பதால் அப்படி. சாமான் பக்கத்தில் இதையும் போடலாம்.

---

த. எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது, ஒரு முடிவுக்கு வருகிறேன். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் சீர்வேகத்துக்குத்தான் ஆதரவு கூடுதல். எனவே 'சீர்வேகக் கருவி' என்று போட்டு, முதல் இடத்தில் 'குரூஸ் கண்ட்ரோல்' என்பதையும் சேர்க்கிறேன். அடுத்த வரி: 'இது வேகத்தைப் பிடித்து வைக்கும். சாலையைப் பார்ப்பது நீங்கள்தான்.' நெடுவீச்சு, தாழ்வீச்சு, பகல் விளக்கு, அபாய விளக்கு, பின்னறை, கட்டுவளையம் எல்லாம் உள்ளே போகின்றன.

---

செ. எழுதியது:

ஏற்கவில்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள். 'கருவி' எதற்கும் ஒட்டவைக்கக்கூடிய வால். ஓட்டுநர் அழுத்துவது பொத்தானை, கருவியை அவர் பார்ப்பதே இல்லை. நிறுத்தி என்பது குழப்பும் என்றால் 'வேகநிலைப்பி' இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு நேரம் கொடுக்கவில்லை.

---

கு. எழுதியது:

த. தங்கச்சி, அச்சுக்குப் போகுமுன் ஒன்று. குரூஸின் 'ரெஸ்' (resume) என்ற பொத்தானுக்குக் கணினி 'மீண்டும் தொடங்கு' என்று வைத்திருக்கிறது. அது தப்பு. விரைவுச்சாலையில் 70-ல் வைத்துவிட்டு, இறங்கி 50 சாலைக்கு வந்தபின் அதை அழுத்தினால் வண்டி 70-ஐத் தேடிப் பாயும். 'பழைய வேகத்துக்குப் போ' என்று போடுங்கள். நீளமாக இருந்தால் எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம், சொல்லைக் குறைக்க வேண்டாம்.

---

செ. எழுதியது:

இதற்கு 'மீள்வேகம்' என்று ஒரே சொல் போதும்.

---

கு. எழுதியது:

எந்த வேகத்துக்கு மீளும் என்று அதில் இல்லையே ஐயா.