எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாமா?

புதுநடை:
எல்லோருக்கும் வணக்கம். உடம்பைக் குறைக்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகிறது. சாப்பாட்டில் அளவு, வாரத்தில் சில நாள் பளு, மற்ற நாளில் வேக நடை. ஆரம்பத்தில் எடை மளமளவென்று இறங்கியது. இப்போது சில வாரங்களாக அதே இடத்தில் நிற்கிறது. ஒரு சில காலையில் ஒரு கிலோ கூடுதலாகவே காட்டுகிறது. ஆனால் பேண்ட் இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறது, பெல்ட்டை ஒரு ஓட்டை உள்ளே போட வேண்டியிருக்கிறது. எதை நம்புவது? சாப்பாட்டை இன்னும் குறைக்கவா, அல்லது மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கவா?

டேப்_போதும்:
தாராளமாகத் தள்ளுங்கள். மெஷின் காட்டுவது கொழுப்பை அல்ல. எலும்பு, தசை, தண்ணீர், வயிற்றில் கிடக்கும் நேற்றைய சாப்பாடு எல்லாம் சேர்ந்த மொத்தத்தை. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 1.1 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு கிலோ தசைக்கு 0.95 லிட்டர் போதும். எடை அப்படியே இருக்க, உருவம் மட்டும் மாறுவது இதனால்தான்.

எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ-யும் இதே ரகம். பெல்ஜியத்தின் கெட்லே 1830-களில் ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தபோது பிறந்த கணக்கு அது. அவர் வானியல், புள்ளியியல் ஆள், மருத்துவரே அல்ல. தனி ஒருவரின் தொப்பையைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. இடுப்பு குறைகிறதா? வேலை நடக்கிறது. சாப்பாட்டில் இன்னும் கை வைக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
கடுமையாக மறுக்கிறேன். பெல்ட் ஓட்டை ஒரு அளவா? தோல் இழுபடும், துணி துவைக்கத் துவைக்கத் தளரும். அதை வைத்து ஆறுதல் அடையலாம், முடிவெடுக்க முடியாது.

மெஷின் மேல் பழி இல்லை. ஒரு நாள் எண்ணை இன்னொரு நாள் எண்ணோடு ஒப்பிடுகிறோமே, அதில்தான் கோளாறு. உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கிறது, மொத்தம் சுமார் அரை கிலோ வரை. ஒவ்வொரு கிராமோடும் 3 கிராம் தண்ணீராவது ஒட்டிக்கொண்டு இருக்கும். சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரத்தில் இந்தக் கையிருப்புதான் முதலில் கரையும். புதுநடை, உங்கள் ‘மளமள’ இறக்கத்தில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர். அதைக் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டதால்தான் இப்போது நின்றுவிட்டதுபோலத் தோன்றுகிறது.

அந்த ‘ஒரு கிலோ கூடுதல்’ விஷயமும் அப்படித்தான். ஒரே ராத்திரியில் ஒரு கிலோ கொழுப்பு ஏற, தேவைக்கு மேல் சுமார் 7700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். உப்பு, தாமதமான இரவுச் சாப்பாடு, மலச்சிக்கல் என்று ஏதோ ஒன்று.

வழி எளிது. தினமும் காலையில் கழிவறை போய்விட்டு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் நின்று எண்ணைக் குறியுங்கள். குறித்துவிட்டு மறந்துவிடுங்கள். வாரக் கடைசியில் ஏழு நாள் சராசரி. அந்தச் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு ஒன்று உண்டு. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது அதைத் தக்கவைத்தவர்கள்தான் அதில் சேர முடியும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள்.

டேப்_போதும்:
கணக்குப்பிள்ளை சார், அது வென்றவர்களின் பட்டியல். தினமும் எடை பார்த்து, நொந்து, பாதியில் விட்டவர்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்? எடை பார்த்ததால் தக்கவைத்தார்களா, நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் தைரியமாக ஏறி நின்றார்களா? அதை அந்த எண் சொல்லாது.

“குறித்துவிட்டு மறந்துவிடுங்கள்” என்கிறீர்கள். உங்களால் முடியும். எனக்குத் தெரிந்த பலருக்கு அந்தக் காலை எண்தான் அன்றைய மனநிலையையே தீர்மானிக்கிறது. கூடினால் பட்டினி, குறைந்தால் ‘இன்னிக்கு ஒரு நாள் தானே’. இரண்டுமே கெடுதல். சாப்பாட்டோடு ஏற்கெனவே சிக்கலான உறவு இருப்பவர்களுக்கு, உணவுக் கோளாறுக்கு சிகிச்சை எடுத்தவர்களுக்கு, தினசரி எடை என்பது ஆபத்தான அறிவுரை.

கணக்குப்பிள்ளை:
உணவுக் கோளாறு இருந்தவர்கள் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் எதையும் அளக்க வேண்டும். ஆனால் புதுநடை அப்படி எதுவும் சொல்லவில்லையே. எல்லோருக்கும் சேர்த்து மெஷினைத் தடை செய்வது எதற்கு?

கடைசி_பெஞ்ச்:
போட்டோ எடுங்க பாஸ். மாசம் ஒன்று, அதே சுவர், அதே வெளிச்சம், அதே நேரம். வயிற்றை உள்ளே இழுக்காமல். முடிந்தது.

(இழுக்காமல் என்பதுதான் கஷ்டம்.)

வெண்பனி:
இவ்வளவு நேரம் படித்தேன். வாரச் சராசரி, வாரச் சராசரி என்று அடித்துச் சொல்கிறீர்களே, மாதவிடாய் வரும் பெண்களுக்கு அது எடுபடாது என்று யாருக்கும் தோன்றவில்லையா? வருவதற்கு முந்தைய நாட்களில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சிலருக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ கூட. ஒரு வாரம் முழுவதுமே அப்படி இருந்தால் சராசரியும் சேர்ந்து ஏறத்தானே செய்யும்? ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காக நடந்த பெண், ‘எனக்கு மட்டும் ஏன் குறையல’ என்று அழுவது இந்த வாரத்தில்தான்.

நான் செய்வது: இந்த மாதத்து இரண்டாம் வாரத்தைப் போன மாதத்து இரண்டாம் வாரத்தோடு ஒப்பிடுவேன், சுழற்சியின் முதல் நாளிலிருந்து எண்ணி. நடுவில் வரும் ஏற்ற இறக்கத்துக்கு மதிப்பே கொடுப்பதில்லை. இடுப்பு அளவுக்கும் இதேதான், டேப்_போதும். அந்த நாட்களில் வயிறு உப்பும், டேப்பும் பொய் சொல்லும்.

கணக்குப்பிள்ளை:
நல்ல திருத்தம். அப்படியென்றால் ஒப்பிடும் இடைவெளியை மாற்ற வேண்டும், அளப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

டேப்_போதும்:
எப்படியாவது மெஷினைக் காப்பாற்றிவிடுகிறீர்கள்.

பளுதூக்கி:
நீங்கள் எல்லோரும் எடையைச் சுற்றியே வருகிறீர்கள். கேட்டவர் பளுவும் தூக்குகிறார், நடக்கவும் செய்கிறார். உடம்பு திடமாகிறதா என்று எவராவது கேட்டீர்களா?

ஒரு நோட்டு வாங்குங்கள் புதுநடை. எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை முறை, அவ்வளவுதான். உணவைக் குறைக்கும் காலத்தில் பளு எண்கள் ஏறினாலும் சரி, இறங்காமல் நின்றாலும் சரி, தசை பத்திரமாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வாரா வாரம் இறங்கிக்கொண்டே போனால், மெஷின் எவ்வளவு நல்ல செய்தி சொன்னாலும் நான் சந்தோஷப்பட மாட்டேன். பயிற்சி இல்லாமல் வெறும் பட்டினியில் குறைப்பவர்களுக்கு, போகிற எடையில் கால் பங்கு வரை கொழுப்பல்லாத சதையாக இருக்கும். மெஷினுக்கு அது தெரியாது. உண்மையில் டேப்புக்கும் தெரியாது.

அப்புறம் நாடி. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் எண்ணுங்கள். வேக நடை, ஓட்டம் போல மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி தொடர்ந்தால் மாதக் கணக்கில் அது மெதுவாக இறங்கும், ஏனென்றால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடுகிறது. வேக நடையை நிறுத்தியதும் ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்றும் பாருங்கள். தேறத் தேற சீக்கிரம் இறங்கும். திடீரென்று காலை நாடி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால், தூக்கம் கெட்டதோ காய்ச்சல் வரப்போகிறதோ என்று அன்று பளுவைக் குறைப்பேன்.

இன்னொன்று: 1968-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் கொண்டுவந்த 12 நிமிட ஓட்டச் சோதனை. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதுதான் அளவு. முழு வேகத்தில் ஓடுவது எல்லோருக்கும் ஏற்றதல்ல, இதய நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. ஆனால் அதே பாதையில், அதே 12 நிமிடம், பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் போன தூரத்தை மாதம் ஒருமுறை குறிப்பதற்கு என்ன தடை?

புதுநடை:
நிறைய விஷயம், நன்றி. இரண்டு சந்தேகம். என் கைக்கடிகாரம் எரித்த கலோரி என்று ஒன்று காட்டுகிறது. அதில் பாதியையாவது திரும்பச் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டு வந்தேன். அப்புறம் என் எடை மெஷினிலேயே கொழுப்பு சதவீதம் வரும். அது நேற்றைக்கும் இன்றைக்கும் தாறுமாறாக மாறுகிறது.

கணக்குப்பிள்ளை:
இரண்டையும் நம்பாதீர்கள். எண்களின் பக்கம் நிற்கிற நானே சொல்கிறேன்.

கடிகாரம்: 2017-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலும் நன்றாகவே அளந்தன. கலோரியில் மட்டும் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்துத் திரும்பச் சாப்பிட்டால், உங்கள் எடை நின்றதற்கான விடை அங்கேயே இருக்கிறது.

கொழுப்பு சதவீதம்: மெஷின் பாதத்தின் வழியே மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, தடை எவ்வளவு என்று பார்த்து, அதிலிருந்து ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தீர்களா, வியர்த்தீர்களா, பாதம் ஈரமா என்பதற்கெல்லாம் எண் ஆடும். மாதக் கணக்கில் போக்கு தெரிந்தால் தெரியட்டும், தினமும் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

டேப்_போதும்:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இரண்டு ஆண்டு முடிவில் கருவி அணிந்த குழு 3.5 கிலோ குறைத்தது; கருவி இல்லாமல் தாங்களே உணவையும் பயிற்சியையும் கண்காணித்த குழு 5.9 கிலோ. தினம் 10,000 காலடி என்ற புனித எண்ணும் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவிக் கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான். அளவுக் கருவி அதிகமாக இருந்தால் முன்னேற்றமும் அதிகம் என்று யார் சொன்னது?

கணக்குப்பிள்ளை:
அந்த 5.9 கிலோ குழுவும் கண்காணித்தார்கள், சார். ஒரு இணையதளத்தில் தாங்களே பதிவு செய்தார்கள். என் கட்சிக்குத்தான் சாட்சி.

சாப்பாட்டுக் குறிப்பு பற்றியும் பேசிவிடலாம். 1992-இல் ஒரு சிறிய ஆய்வு: எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை ஆய்வகத்தில் அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைவாகவும், உடலுழைப்பை 51 சதவீதம் அதிகமாகவும் சொல்லியிருந்தார்கள். எல்லோரையும் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது, நின்றுகொண்டே கொறித்தது எல்லாம் அதில் பதிவதில்லை. புதுநடை, சாப்பாட்டைக் குறைக்கும் முன் ஒரு வாரம் எல்லாவற்றையும் அளந்து எழுதிப் பாருங்கள்.

டேப்_போதும்:
ஒரு வாரம் என்றால் சரி. வாழ்நாள் முழுக்க என்றால் சண்டைக்கு வருவேன்.

புதுநடை, டேப் பிடிப்பதற்கும் முறை உண்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல். இரண்டு முறை அளந்து சராசரி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். இடுப்பு அளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலிலேயே 2022-இல் வந்துவிட்டது. உயரம் 160 செ.மீ. என்றால் இடுப்பு 80-க்குள். வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதயத்துக்கும் பகை. மெஷின் அதைத் தனியாகக் காட்டாது.

கணக்குப்பிள்ளை:
டேப்பை நான் எதிர்க்கவே இல்லை. ஆசையோடு பிடித்தால் ஒரு சென்டிமீட்டர் தானாகக் குறையும் என்பதுதான் என் புகார்.

பளுதூக்கி:
பளு எப்போது ஆரம்பித்தீர்கள்? எடை நின்றதும் அதே சமயமா? புதிதாகத் தூக்கும்போது தசை நார்களில் சிறு சேதம் ஏற்பட்டு, அதைச் சரிசெய்யும் வரை அங்கே தண்ணீர் தேங்கும். கொழுப்பு போய்க்கொண்டே இருக்கும், தண்ணீர் அதை மறைக்கும்.

புதுநடை:
ஆமாம், கிட்டத்தட்ட அதே சமயம்தான். முதலில் வெறும் நடை மட்டும்.

டேப்_போதும்:
கேட்டீர்களா கணக்குப்பிள்ளை சார்? இப்போதும் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வீர்களா?

கணக்குப்பிள்ளை:
நான் குறைக்கச் சொல்லவே இல்லை, எழுதச் சொன்னேன். இன்னும் நாலு வாரம் சராசரியைக் குறிக்கட்டும். எடையும் இடுப்பும் இரண்டும் அசையாவிட்டால் தட்டில் கை வைக்கலாம். இடுப்பு மட்டும் இறங்கினால் இருப்பதையே தொடரட்டும். நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள்.

டேப்_போதும்:
நான் மெஷின் இல்லாமலே சொல்லியிருப்பேன்.

வெண்பனி:
புதுநடை, நீங்கள் பெண் என்றால் அந்த நாலு வாரத்தை உங்கள் சுழற்சியோடு பொருத்தி எண்ணுங்கள். ஆண் என்றால் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

புதுநடை:
பெண்தான் அக்கா, குறித்துக்கொண்டேன். கடிகாரத்தின் கலோரிப் பக்கத்தை மறைத்துவிட்டேன். டேப்பும் நோட்டும் வாங்கப் போகிறேன். மெஷினைத் தள்ளவில்லை, ஆனால் தினமும் நிற்க மனசில்லை. வாரம் மூன்று நாள் போதுமா கணக்குப்பிள்ளை சார்?

கணக்குப்பிள்ளை:
சராசரி கொஞ்சம் ஆடும். எப்போதும் அதே மூன்று நாள் என்றால் சமாளிக்கலாம். விடுமுறை நாள் சாப்பாட்டுக்கு மறுநாளை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.