ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு 560 யூனிட்டா?

கோட்டையூர்க்காரன் எழுதியது:

எங்கள் பூர்வீக வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும். ஐந்து பங்காளிகளுக்குப் பொது. நாலு புள்ளிகள் (குடும்பங்கள்) சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். அப்பச்சியும் ஆத்தாவும் (அப்பாவும் அம்மாவும்) மட்டும் இருக்கிறார்கள். புழங்குவது வளவில் (முற்றத்தைச் சுற்றிய கட்டில்) இரண்டு அறை, அடுப்படி, அவ்வளவுதான். சித்திரை, வைகாசிக் கணக்கு எடுத்தபோது 560 யூனிட் ஓடியிருந்தது.

அப்பச்சி பேரேடு எழுதிப் பழகியவர். தொகையைப் பார்த்து அவர் அதிரவில்லை. "500-ஐத் தாண்டிட்டமே" என்றுதான் வருத்தப்பட்டார். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுக்கிறார்கள். 2016-இல் முதல் 100 யூனிட் இலவசமானது. 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கும் குறைந்த விலைதான். 500-ஐத் தாண்டினால் அந்தக் குறைந்த விலை போய்விடும். கடைசி 60 யூனிட்டுக்கு அதிக விலை கொடுப்பது போக, முன்னால் ஓடிய யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

போனில் விசாரித்த சொந்தங்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: லைட்டை அணையுங்கள். ஆத்தா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வளவில் இருட்டில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு மூன்றேகால் யூனிட். எழுபது வயதுக்கு மேல் முற்றத்துப் படியில் தடுக்கி விழுந்தால் ஆகும் செலவை யார் கணக்கில் எழுதுவது?

ஆடியில் ஊருக்குப் போனேன். ராத்திரி பத்து மணிக்கு ஃபிரிட்ஜ் முதற்கொண்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டார்ச்சோடு மீட்டர் முன்னால் நின்றேன். மீட்டரில் மின்னுகிற சின்னச் சிவப்பு விளக்கு எத்தனை தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று மேலேயே அச்சடித்திருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. எல்லாம் அணைந்த வீட்டில் அது மின்னவே கூடாது. ஆனால் 12 விநாடிக்கு ஒரு தடவை மின்னிக்கொண்டிருந்தது. மணிக்கு 300 தடவை. கிட்டத்தட்ட 94 வாட். நாளுக்கு இரண்டேகால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 135. யாருமே எதையுமே போடாமல் 135 யூனிட்!

ஒவ்வொன்றாகத் தேடினேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டரின் பிளக்கைப் பிடுங்கியதும் சிவப்பு விளக்கு மின்னுவது நின்றுவிட்டது. அதன் இரண்டு பேட்டரிக்கும் ஏழு வயது. தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் வந்த உடம்பு மாதிரி சூடு. மாதாமாதம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறதே என்று அப்பச்சியும் குறைப்பட்டிருக்கிறார், அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. பேட்டரி கிழடானால் முழுச் சார்ஜை எட்டாது. எட்டவில்லையே என்று இன்வெர்ட்டர் ஓயாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். ஊட்டிய கரண்ட் சூடாகவும், உள்ளே இருக்கும் தண்ணீரை வாயுவாகப் பிரித்தும் வீணாகப் போகும். விற்ற கடைக்காரர் பத்து வருஷம் உழைக்கும் என்று சொன்னாராம். உழைக்கத்தான் செய்தது, நம் காசில்.

வெட்கம் என்னவென்றால், 1948-இல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, நேரு அடிக்கல் நாட்டிய செக்ரி நிலையம் பக்கத்திலே காரைக்குடியில்தான் இருக்கிறது. மின்வேதியியலுக்கென்றே உள்ள ஆராய்ச்சி நிலையம், பேட்டரி அவர்களுடைய முக்கியமான ஆராய்ச்சி. அந்த வாசலைத் தாண்டித்தான் நான் கல்லூரிக்குப் போய் வந்தேன்.

இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு பேட்டரி என்று பழையதைக் கொடுத்துவிட்டு ஒன்று மட்டும் புதிதாகப் போட்டோம். பழைய பேட்டரிக்கு ஈய விலை உண்டு, சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து ஃபிரிட்ஜ். கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் தளர்ந்துபோயிருந்தது. அதை மாற்றி, சுவரோடு ஒட்டியிருந்த ஃபிரிட்ஜை ஒரு சாண் முன்னால் நகர்த்தினோம்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் மழைச் சாரல், குரங்கு, காக்கை எல்லாவற்றுக்கும் பயந்து வளவு முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடினோம். அதற்கு அடுத்த கோடையில்தான் வீட்டுக்கு முதன்முதலாக ஏ.சி. வந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர், காலை வைத்தால் ஜில்லென்ற ஆத்தங்குடிக் கல், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கூரை. இதெல்லாம் இருந்தும், சூடான காற்று மேலே ஏறிப் போகிற வழி முற்றம்தான். அதற்கு மூடி போட்டுவிட்டு உள்ளே புழுங்குகிறதே என்றால்? போதாக்குறைக்கு ஷீட் வழியாக வெயில் உள்ளே வருகிறது, சூடு வெளியே போக மாட்டேன் என்கிறது. யாராவது ஷீட்டைக் கழற்றியிருக்கிறீர்களா? குரங்குக்கு என்ன செய்தீர்கள்?

தேவகோட்டை வயர்மேன் எழுதியது:

தம்பி, மீட்டரைப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் சரி. இருபத்தெட்டு வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். பில் ஜாஸ்தி என்று கூப்பிடுகிற வீட்டில் பாதிப் பேர் மீட்டர் எந்தச் சுவரில் இருக்கிறது என்றே தெரியாமல் இருப்பார்கள்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக் காலத்தில் இன்னொரு தடவை இதே சோதனையைச் செய்யுங்கள். பழைய வீடுகளில் மரச் சட்டத்துக்குள் போன வயர் இன்னும் இருக்கும், பூட்டிக் கிடக்கிற அறைகளில் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஓடு ஒழுகி ஈரம் ஏறினால் கரண்ட் சுவர் வழியாகக் கசியும். மீட்டரில் எர்த் என்று தனி விளக்கு எரிந்தால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். அது காசு விஷயம் இல்லை, உயிர் விஷயம். புழங்காத கட்டுக்குப் போகிற லைனை மெயினிலேயே பிரித்து அணைத்து வைப்பது நல்லது.

அப்புறம் ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைக் கொடுக்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிற ஃபேன் என்றால் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். எப்போதாவது விருந்தாளி வந்தால் போடுகிற அறைக்கு அதை வாங்கி மாட்டாதீர்கள், போட்ட காசு திரும்பாது. ராத்திரி படுக்கிற அறைக்கு முதலில் போடுங்கள். இன்னொன்று, நம் பக்கத்து வீடுகளில் கூரை உயரம். கடையில் கொடுக்கிற குட்டை ராடை அப்படியே மாட்டினால் ஃபேன் உத்தரத்துக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும். தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடியில் நிற்கிற மாதிரி நீளமான ராடு போடுங்கள். போன மாதம் ஒரு வீட்டில் "காத்தே வரலை, ஏ.சி. வாங்கணும்" என்றார்கள். ராடை மாற்றினேன், ஏ.சி. பேச்சே எடுக்கவில்லை.

கானாடுகாத்தான் பேத்தி எழுதியது:

எல்லாரும் கரண்ட்டையே பேசுகிறீர்கள். அடுப்படிப் பக்கமும் வாருங்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் கவுனி அரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்துவிட்டுக் குக்கரில் ஏற்றினேன். விசில் மேல் விசில், எண்ணுவதையே விட்டுவிட்டேன். திறந்தால் அரிசி அரிசியாகவே இருக்கிறது. அண்ணமிண்டி (அண்ணி) எட்டிப் பார்த்து, "முத நா ராத்திரியே ஊறப் போட்ருக்கணும், கேஸு என்ன கெணத்துலயா ஊறுது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மறுமுறை ராத்திரி ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடேயே வேகவைத்தேன். பாதி நேரத்தில் மலர்ந்துவிட்டது. கொண்டைக்கடலை, மொச்சைக்கும் இதே கதைதான்.

இரண்டாவது பாடம் கரிப் பிடித்த பாத்திரத்தில் கற்றது. சிலிண்டர் 35 நாளில் தீர்ந்துபோகிறது, கேஸ் குறைவாக அடைத்துக் கொடுக்கிறார்கள் என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். கொண்டு வந்து போடுகிற பையன் அங்கேயே தராசில் தொங்கவிட்டுக் காட்டினான். காலிச் சிலிண்டர் எடை மேலேயே எழுதியிருக்கிறது. அது போக 14.2 கிலோ சரியாக இருந்தது. அவனே அடுப்பைப் பார்த்துவிட்டு, "அக்கா, தீ மஞ்சளா எரியுது பாருங்க" என்றான். பால் பொங்கி வழிந்து பர்னர் ஓட்டைகள் பாதி அடைந்திருந்தன. தீ நீலமாக எரிந்தால்தான் கேஸ் முழுசாக எரிகிறது என்று அர்த்தம். ஊசியால் குத்திச் சுத்தம் செய்த பிறகு 45 நாள் வருகிறது. அந்தப் பையனுக்கு அடுத்த தடவை கந்தரப்பம் கொடுத்து அனுப்பினேன்.

ஆயா (பாட்டி) கடைசிவரை சோற்றை ஒரு கொதி கொதிக்கவிட்டு இறக்கி, பானையோடு துணி சுற்றி வைப்பார்கள். மிச்சம் தானாக வேகும். இப்போது அதையே தெர்மல் குக்கர் என்று எவர்சில்வரில் விற்கிறார்கள், நானும் வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் யோசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது சரிப்பட்டு வரும். என் வீட்டுக்காரருக்குப் பசி வந்த பிறகுதான் அரிசியே ஞாபகம் வரும்.

சென்னைவாசி எழுதியது:

ஏ.சி.யைக் குறை சொல்ல வேண்டாம், ஓட்டுகிற விதம்தான் காரணம். 2020-இலிருந்து புது ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்று விதி. நம் ஆட்கள் ஆன் ஆனதும் 18-க்கு இறக்குகிறார்கள். 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது, நெடுநேரம் ஓடும், அவ்வளவுதான். நான் 27-இல் வைத்து மெதுவாக ஃபேன் போடுகிறேன், போர்வை தேவைப்படுவதில்லை.

பள்ளத்தூர்ப் பங்காளி எழுதியது:

அண்ணே, உங்கள் வீட்டில் இரண்டு பேர்தான். எங்கள் வீட்டில் ஒரே மீட்டர், மூன்று புள்ளி. பொங்கல் வந்தால் சண்டையும் வரும். "உங்க கட்டுல ஹீட்டர் இருக்கு", "உங்க பிள்ளை ராத்திரி பூரா கம்ப்யூட்டர் வச்சிருக்கான்". கடைசியில் ஆளுக்கொரு சப்-மீட்டர் போட்டுக்கொண்டோம். போட்ட முதல் இரண்டு மாதத்திலேயே பொது யூனிட் எல்லாருடையதையும்விட அதிகம் என்று தெரிந்தது. காரணம் மோட்டார். கிணற்றுக்குள் ஃபுட் வால்வு ஒழுகியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குழாயில் தண்ணீர் இறங்கிப்போய், மறுபடி ஏறும் வரைக்கும் மோட்டார் வெறுமனே ஓடும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் மணிக்கு முக்கால் யூனிட்டாவது போகும். போதாததற்குத் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுத்தான் யாராவது எழுந்துபோய் அணைப்பார்கள். வால்வை மாற்றி, தொட்டி நிரம்பினால் தானாக நிற்கிற சுவிட்சும் போட்டோம். யார் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று மூன்று வருஷம் பேசாமல் இருந்த இரண்டு பேர் இப்போது பேசுகிறார்கள்.

சூரிய மின்தகடு போடலாம் என்றும் பார்த்தோம். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். மொட்டைமாடி இருக்கிறது, வெயிலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் மின் இணைப்பு இன்னும் காலமான ஐயா பேரில் இருக்கிறது. பேர் மாற்றக் கையெழுத்துப் போட வேண்டியவர்களில் ஒருவர் மலேசியாவில். மின்தகடு வாங்குகிறவர்கள் முதலில் இணைப்பு யார் பேரில் என்று பாருங்கள்.

கோட்டையூர்க்காரன் எழுதியது:

எழுதியவர்களுக்கெல்லாம் நன்றி. ஆவணி, புரட்டாசிக் கணக்கு வந்துவிட்டது: 290. நான் 560-லிருந்து 290 என்று துள்ளினேன். அப்பச்சி விடவில்லை. "வெயில் மாசத்தையும் மழை மாசத்தையும் எப்படிப்பா நேர் பண்ணுவே?" என்று நோட்டைப் புரட்டி, போன வருஷம் இதே இரண்டு மாதத்துக்கு 465 என்று காட்டினார். ஆகவே மிச்சம் 175 யூனிட்தான் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

வயர்மேன் அண்ணே, நீள ராடு போட்டாயிற்று. புழங்காத கட்டையும் மெயினில் அணைத்துவிட்டோம்.

ஷீட்டைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் குரங்கு நுழைய முடியாத அளவுக்குக் கம்பி வலை. கழற்றிய அன்று சாயங்காலமே முகப்பிலிருந்து வளவுக்குக் காற்று வர ஆரம்பித்தது. ஆத்தா முற்றத்தில் மறுபடியும் வற்றல் காயவைக்கிறார்கள். ஐப்பசி மழையில் சாரல் அடித்து முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தி நனைந்தது உண்மைதான். தண்ணீர் விழுகிற மூலையில் பழைய அண்டாவை வைத்திருக்கிறோம், அதுவே தோட்டத்துக்குப் போகிறது, மோட்டார் வேலை கொஞ்சம் குறைவு.

சிங்கப்பூர்ப் பங்காளிதான் நேற்றுப் போன் போட்டார். ஷீட் போட்டபோது அவருடைய பங்கைச் சரியாகக் கொடுத்தாராம். இப்போது வலைச் செலவிலும் அஞ்சில் ஒரு பங்கு எதற்கு என்று கேட்கிறார். கழற்றிய ஷீட்டை விற்றால் வருகிற பணத்தில் பங்கு உண்டா என்றும் கேட்கிறார். அப்பச்சி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.