அனாபிளாஸ்டிக் தைராய்டு புற்றுநோய்க்குக் கார்-டி செல் சிகிச்சை உண்டா?

கேள்வி:
என் பெரியப்பாவுக்கு அனாபிளாஸ்டிக் வகைத் (மிக வேகமாக வளரும் அரிய வகை) தைராய்டு புற்றுநோய் என்று திசுப் பரிசோதனையில் தெரியவந்துள்ளது. தைராய்டு புற்று என்றால் கதிரியக்க அயோடினில் கட்டுப்பட்டுவிடும் என்று நம்பியிருந்தோம்; இந்த வகைக்கு அது பயன்படாது என்கிறார் மருத்துவர். ரத்தப் புற்றுநோய்க்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கார்-டி செல் சிகிச்சையை (நோயாளியின் டி-செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களை மரபணு மாற்றிப் புற்றைத் தாக்கவைக்கும் முறை) இதற்கும் கொடுக்க முடியுமா?

மறுமொழி 1:
இதற்கான கார்-டி சிகிச்சை இன்னும் மருத்துவ ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. அயோடினை உள்ளிழுக்கும் திறன், டிஎஸ்எச் ஏற்பி (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) போன்ற தைராய்டுக்கே உரிய அடையாளங்களை இந்தச் செல்கள் பெரும்பாலும் இழந்துவிடுவதால், ஆய்வாளர்கள் அவற்றின் மேற்பரப்பில் மிகுந்து காணப்படும் ஐகேம்-1 என்ற புரதத்தைக் குறிவைத்தார்கள். அதே புரதம் ரத்தநாளங்களின் உட்சுவர் போன்ற நலமான இடங்களிலும் சிறிதளவு இருப்பதுதான் சிக்கல். ஆகவே ஏஐசி100 என்ற தயாரிப்பில், டி-செல்லின் பிடியை வேண்டுமென்றே தளர்த்தி, ஐகேம்-1 அடர்ந்திருக்கும் செல்களையே அது தாக்கும்படி அமைத்திருக்கிறார்கள். கூடவே, ஸ்கேனுக்கான கதிரியக்க மருந்து ஒட்டிக்கொள்ளும் எஸ்எஸ்டிஆர்2 என்ற ஏற்பியையும் சேர்த்திருப்பதால், செலுத்திய செல்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைப் பெட் ஸ்கேனில் பார்க்கலாம். என்னைக் கேட்டால், இதில் கெட்டிக்காரத்தனமான பகுதி அதுதான். ஏனென்றால், திடக் கட்டிகளில் செல்கள் உள்ளே நுழைந்தனவா என்பதே முதல் ஐயம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் முன் உள்ள கேள்வி காலத்தைப் பற்றியது. நோயாளியின் டி-செல்களைப் பிரித்தெடுத்து, மரபணுவைச் சேர்த்து, பெருக்கித் திருப்பிச் செலுத்தப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். மூச்சுக்குழாயை நெருக்கி வளரும் இந்தக் கட்டி அதுவரை பொறுக்கும் என்று சொல்ல முடியாது. கட்டியில் பிராஃப் வி600இ (புற்றின் வளர்ச்சியைத் தூண்டும்) மரபணு மாற்றம் இருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். அமெரிக்காவில் 2018-இலேயே இந்நோய்க்கு இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது.

கேள்வி கேட்டவர்:
அறிக்கையில் பிராஃப் பற்றி ஒரு வரியும் இல்லை. மறுபடியும் ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டுமா? கார்-டி ஆய்வில் சேர நேர்ந்தால் ஆபத்துகள் என்ன?

மறுமொழி 2:
ஏற்கெனவே எடுத்த திசு மெழுகில் பதித்துப் பாதுகாக்கப்பட்டிருக்கும். போதுமான அளவு இருந்தால் அதிலேயே பார்த்துவிடலாம். கார்-டியில் முதன்மையாக அஞ்சப்படுவது சைட்டோகைன் பெருக்கம் (நோய் எதிர்ப்புச் செல்கள் வெளியிடும் அழற்சிப் புரதங்கள் அளவுமீறிப் பெருகுவது): கடுங்காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம், அதைத் தணிக்க டோசிலிசுமாப் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். குழப்பம், பேச்சுத் தடுமாற்றம் போன்ற நரம்பியல் விளைவுகளும் உண்டு என்பதால், செல்களைச் செலுத்திய பின் நெருங்கிய கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.