உதவி: ரோம் கொலோசியம் டிக்கெட்டில் பெயர் சரியில்லை, உள்ளே விடுவார்களா?

காவிரிக்கரையான்:
அவசரம். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் தவறாக வந்திருக்கிறது, பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா? குடும்பத்தோடு போகிறோம், எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:
என்ன தவறு? எழுத்துப் பிழையா, வேறு ஆளின் பெயரா? எங்கே வாங்கினீர்கள்? என்றைக்குப் போகிறீர்கள்?

சும்மாயிருப்பவன்:
நிம்மதியாகப் போய்வாருங்கள். அங்கே பெயரையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? நாங்கள் போனபோது டிக்கெட்டில் பெயரே கிடையாது. இயந்திரத்தில் காட்டினோம், கதவு திறந்தது, அவ்வளவுதான்.

மூத்தபயணி:
சும்மாயிருப்பவன் எந்தக் காலத்துக் கதையைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. 2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் டிக்கெட்டில் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கும்; நுழையும்போது அடையாள ஆவணமும் கையில் இருக்க வேண்டும். மொத்தமாக வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்பவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. கேள்வி கேட்டவருக்கும் ஒரு வார்த்தை: இதே சந்தேகம் இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. மேலே இருக்கும் தேடல் பெட்டியை அலங்காரத்துக்காக வைக்கவில்லை.

ஆவணப்புலி:
பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கிறதா? அப்படியென்றால் வேரே அங்குதான் இருக்கிறது. தலைப்பெழுத்தோடு வாழ்கிற நமக்கு விசா, விமானம், வங்கி என்று எங்கே போனாலும் இதே வம்பு. முதலில் பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்குங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

நிலாமுற்றம்:
அவர் எப்போது கிளம்புகிறார் என்பதே தெரியவில்லை, அதற்குள் பாஸ்போர்ட்டை மாற்றச் சொல்கிறீர்களே!

காவிரிக்கரையான்:
மன்னிக்கவும், அலுவலகத்தில் இருந்தேன். அடுத்த வாரம் கிளம்புகிறோம். ஆவணப்புலி சொன்னது சரி, குடும்பப்பெயர் இடம் காலிதான். என் பெயரும் அப்பா பெயரும் ஒரே வரியில் சேர்ந்து இருக்கின்றன. டிக்கெட் படிவம் இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் நகரவில்லை, அதனால் அப்பா பெயரை இரண்டாவதில் போட்டேன். மனைவிக்கு அந்தத் தளமே என் பெயரைக் குடும்பப்பெயராக ஒட்டிவிட்டது. அவள் பாஸ்போர்ட்டில் இருப்பது அவளுடைய அப்பா பெயர். வாங்கியது ஒரு தனியார் தளத்தில். எழுதிக் கேட்டால் தானியங்கிப் பதில்தான் வருகிறது.

சும்மாயிருப்பவன்:
ஆதார் அட்டையை எடுத்துப்போங்கள். அதில் பெயர் சரியாக இருக்கும்.

மூத்தபயணி:
ரோமில் ஆதாரா? அருமை. குடும்ப அட்டையையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

நிலாமுற்றம்:
உங்கள் டிக்கெட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். சொற்கள் இரண்டும் பாஸ்போர்ட்டில் அப்படியே இருக்கின்றன, இடம்தான் மாறியிருக்கிறது. மனைவியுடையதுதான் சிக்கல். டிக்கெட்டை விற்றவர்கள்தான் மாற்றித்தர வேண்டும், அதனால் கடிதத்தை விட்டுவிட்டுத் தொலைபேசியில் பிடியுங்கள். அவர்கள் அசையாவிட்டால், உங்கள் பெயர் கணவர் இடத்தில் அச்சாகியிருக்கும் மனைவியின் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் தயாராக வைத்திருங்கள். இருவரும் சேர்ந்தே நில்லுங்கள். அது சரி, குழந்தைகள் உண்டா? அவர்களுக்கு டிக்கெட் எடுத்தீர்களா?

காவிரிக்கரையான்:
7, 12 வயதில் இருவர். 18 வயதுக்குக் கீழே இலவசம் என்று போட்டிருந்ததால் எடுக்கவில்லை.

நிலாமுற்றம்:
இலவசம்தான், ஆனால் டிக்கெட் வேண்டும்! உள்ளே ஒரு நேரத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறது. அந்த நேரத்துக்கான இடத்தை 0 யூரோ டிக்கெட்டாகக் குழந்தைகளின் பெயரிலும் எடுக்க வேண்டும். பெயரைவிட இது பெரிய விஷயம். இப்போதே அதிகாரபூர்வத் தளத்தில் பாருங்கள். 30 நாள் முன்னரே விற்பனை தொடங்கிவிடும், நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

மூத்தபயணி:
மற்ற நாள்களின் திட்டத்தையும் போடுங்கள். இதே அழகில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காவிரிக்கரையான்:
ஞாயிறு வாடிகன் அருங்காட்சியகம் (இன்னும் வாங்கவில்லை). திங்கள் போர்கேசே கலைக்கூடம். செவ்வாய் கொலோசியம். புதன் காலை பேதுரு பேராலயம்.

மூத்தபயணி:
நினைத்தேன். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் பூட்டியிருக்கும். அந்தக் கடைசி ஞாயிறு இலவசம் என்பதால் வரிசை மதிலைச் சுற்றி நீளும், 12.30க்குமேல் உள்ளே விடவும் மாட்டார்கள். போர்கேசேக்குத் திங்கள் விடுமுறை. அங்கே முன்பதிவு இல்லாமல் நுழையவே முடியாது, ஒரு முறைக்கு 2 மணி நேரம்தான். புதன் காலை சதுக்கத்தில் போப்பின் பொதுச்சந்திப்பு நடந்தால் நண்பகல் வரை பேராலயத்துக்குள் போக முடியாது. நான்கு நாளில் மூன்று பழுது. பயண வழிகாட்டிப் புத்தகம் என்று ஒன்று கடையில் விற்கிறார்கள்.

நிலாமுற்றம்:
சொன்னதெல்லாம் சரி, கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். திங்களும் புதனும் இடம் மாற்றுங்கள்: திங்கள் பேராலயமும் வாடிகனும், புதன் போர்கேசே. பேராலயத்துக்கும் வாடிகனுக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லோருக்கும் வேண்டும், குழந்தைகளுக்கும்தான்.

கோபுரதரிசனம்:
பேராலயத்தின் உச்சிக்குக் கட்டாயம் ஏறுங்கள். மைக்கேலாஞ்சலோ கட்டிய, உலகத்திலேயே பெரிய குவிமாடம். 551 படி. லிப்டில் போனாலும் 320 படி நடக்க வேண்டும். மேலே போகப்போகச் சுவரே சாய்ந்து தோளை இடிக்கும்.

கற்சிற்பி:
இரண்டும் தவறு. மைக்கேலாஞ்சலோ 1564இல் இறந்தபோது குவிமாடத்துக்குக் கீழேயுள்ள உருளைச்சுவர்தான் எழும்பியிருந்தது. மாடத்தை முடித்தவர் ஜாகோமோ தெல்லா போர்த்தா, 1590இல். அகலத்தில் அதே ஊரிலுள்ள பான்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் மாடம் பெரியது: 43.3 மீட்டர், கம்பியில்லாத கான்கிரீட், கிட்டத்தட்ட 1,900 ஆண்டுப் பழையது. பேதுருவுடையது அதைவிட ஒரு மீட்டருக்கும் மேல் குறைவு.

கோபுரதரிசனம்:
பெருமை வரைந்தவருக்கா, கல் தூக்கியவருக்கா? மேலும் பேதுரு பேராலயம் 136 மீட்டர் உயரம். பான்தியன் அதன் பக்கத்தில் நிற்க முடியுமா?

கற்சிற்பி:
தெல்லா போர்த்தா கல் தூக்கவில்லை ஐயா, மாடத்தின் வளைவையே மாற்றி இன்னும் செங்குத்தாக்கியவர். நீங்கள் அண்ணாந்து பார்க்கும் வடிவம் அவருடையது. பான்தியனில் நடுவே திறந்த வாய், மழை நேராகத் தரையில் விழும், பளிங்கில் இருக்கும் சிறு துளைகள் வழியே வடியும். அதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள், 551 படியை விடுங்கள்.

சும்மாயிருப்பவன்:
குழந்தைகளுக்குப் பிடிப்பது தெருவோரத்து இரும்புக் குழாய்கள்தான். குடிநீர் எந்நேரமும் கொட்டிக்கொண்டிருக்கும். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும், குனியாமல் குடிக்கலாம். என் பையன் பார்த்தவர்கள் எல்லோரையும் நனைத்துவிட்டான்.

மூத்தபயணி:
அபூர்வமாக இவர் சொன்னது சரி.

நிலாமுற்றம்:
காவிரிக்கரையான், குழந்தைகள் டிக்கெட் கிடைத்ததா? கிளம்பிவிட்டீர்களா?

கோபுரதரிசனம்:
கற்சிற்பிக்கு: வளைவை மாற்றினால் கட்டடமே அவருடையதாகிவிடுமா?

காவிரிக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. குழந்தைகளுக்கு அதே நேரத்தில் கிடைக்கவில்லை, அரை மணி பிந்தித்தான் கிடைத்தது; மனைவி காத்திருந்து அவர்களோடு வந்தாள். பெயரைப் பார்த்தார்கள், ஏதோ கேட்டார்கள், விட்டுவிட்டார்கள். வாடிகன் திங்களுக்கு மாற்றிவிட்டோம்.

ஆவணப்புலி:
ஏதோ கேட்டார்கள் என்றால் என்ன கேட்டார்கள்? பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினீர்களா? என் மைத்துனி அடுத்த மாதம் போகிறாள், அவளுக்கும் இதே கதை. ஒரு வரி எழுதுங்கள்.